இருபத்தைந்துக்கு ஐந்து வெள்ளை

முன்னறையில் சரசரவென்று ஏதோ கொட்டியது. காய்ந்த ஓலை மேல் திடீரென்று மழை விழுந்த மாதிரி ஒரு சத்தம். மாசி மாதத்தில் கோவில்பட்டியில் மழை ஏது? அடுப்படியில் கரியைக் கோந்தோடு சேர்த்து அரைத்துக்கொண்டிருந்த ஆறுமுகத்தாய்க்கு ஒரு நொடி ஒன்றும் விளங்கவில்லை. விளங்கியதும், "ஐயோ, எம் புள்ள!" என்று போட்டது போட்டபடி ஓடினாள்.

முன்னறையில் பக்கத்து வீட்டு ராதாமணி கையைப் பிசைந்துகொண்டு நின்றாள். அவள் காலடியில் நூறு நூற்றைம்பது தீக்குச்சிகள் சிதறிக் கிடந்தன. சுவரில் சாய்த்து வைத்திருந்த பெரிய சட்டத்தின் நடுவில் உள்ளங்கை அகலத்துக்கு ஓர் ஓட்டை.

"நான் ஒண்ணும் செய்யலக்கா. லேசா நிமித்திப் பாத்தேன். அதுவா கொட்டிட்டு."

"ஏட்டி, ஒன்ன யாரு தொடச் சொன்னா? காலையிலருந்து அடுக்கின மூக்குட்டி அது!"

"மூக்கா? இங்கன மூக்கு எங்கக்கா இருந்துச்சு?" ராதாமணி குனிந்து குச்சிகளைப் பொறுக்க ஆரம்பித்தாள். வாய் மட்டும் நிற்கவில்லை. "தெருக்குழாய்ல தண்ணி புடிக்கையில பாத்தேன். கதவு தொறந்து கெடந்துச்சா, உள்ள யாரோ தொரசாணி நிக்க மாதிரி இருந்துச்சு. வெள்ள வெளேர்னு. ஆறுமுகத்தாக்கா வீட்டுக்கு வெள்ளக்காரி எதுக்கு வந்தான்னு பாக்க ஓடியாந்தேன். வந்து பாத்தா வெறும் குச்சி."

"தொரசாணியா?"

"ஆமாக்கா. பவுடர அப்பிக்கிட்டு நிக்கா."

ஆறுமுகத்தாய் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். கரி அப்பிய கையால் நெற்றியில் அடித்துக்கொண்டாள். பெற்ற மகளின் முகத்தை ஒரு தாய் பத்து நாளாகக் குச்சி குச்சியாக அடுக்குகிறாள். அடுக்கி முடித்தால் அது யாரோ ஒரு வெள்ளைக்காரியாக வந்து நிற்கிறது. இந்தக் கொடுமையை எந்தச் சாமியிடம் போய்ச் சொல்வது?

ஆறுமுகத்தாய் பிறந்தது எப்போதும்வென்றான் கிராமத்தில். கருத்தையாவுக்கு வாக்கப்பட்டுக் கோவில்பட்டிக்கு வந்தபோது வயது பதினெட்டு. கருத்தையா பருத்தி அரவை மில்லில் பொதி சுமந்தான். மகள் சுப்புத்தாய்க்கு நாலு வயதாகும்போது ஒரு நாள் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவன் எழுந்திருக்கவில்லை. அடுத்த மாதமே அவள் தீப்பெட்டி ஆபீசில் கட்டை அடுக்கப் போய்விட்டாள். கட்டை என்பது மரப்பட்டைகள் வரிசையாகச் செருகிய சதுரச் சட்டம். பட்டைக்கு ஐம்பது பள்ளம், பள்ளத்துக்கு ஒரு குச்சி, அப்படி ஐம்பது வரிசை. அடுக்கி முடித்த கட்டையை அப்படியே மருந்தில் முக்கி எடுத்தால் இரண்டாயிரத்து ஐந்நூறு குச்சிக்கும் ஒரே நேரத்தில் தலை முளைத்துவிடும். பதினேழு வருஷமாக இதே வேலை. எழுத்து வாசிக்கத் தெரியாது. ஆனால் ஒரு கைப்பிடிக் குச்சியை அள்ளினால் எத்தனை என்று பார்க்காமல் சொல்வாள். ஒன்றிரண்டு தப்பும், அவ்வளவுதான்.

அவளுக்கு ஒரு பயம் இருந்தது. போட்டோ எடுத்தால் ஆயுசு குறையும் என்று அவள் ஊரில் சொல்வார்கள். கல்யாணத்துக்குக்கூட அவள் படம் எடுக்கவில்லை. சுப்புத்தாய்க்குப் பதினெட்டு வயதானபோது ஒரு திருவிழாவில், கடைகளுக்கு நடுவில் போட்டோக்காரர் திரை கட்டி உட்கார்ந்திருந்தார். திரையில் அரண்மனையும் தாமரைக் குளமும் வரைந்திருந்தது. "எம்மா, ஒரே ஒரு படம்மா" என்று மகள் கையைப் பிடித்து இழுத்தாள். "போட்டி கூறுகெட்டவளே, ஒன் ஆயுசு எனக்கு வேணும்" என்று தாய் தரதரவென்று இழுத்து வந்துவிட்டாள்.

அந்த ஆயுசைக் காப்பாற்ற முடிந்ததா? அடுத்த வருஷம் மஞ்சள்காமாலை வந்தது. பத்தே நாள். பத்தொன்பது வயதுப் பெண், அண்ணன் மகன் தங்கப்பாண்டியனுக்கு என்று பேசி வைத்திருந்த பெண், மஞ்சள் பூத்த கண்ணோடு தாயைப் பார்த்துக்கொண்டே போய்விட்டாள்.

போய் இரண்டு வருஷமாகிவிட்டது. தைப் பொங்கல் கழிந்த ஒரு காலையில் ஆறுமுகத்தாய் தலை சீவிக்கொண்டிருந்தாள். வழக்கம்போல மகளை நினைத்தாள். மகளின் கை வந்தது; விரல் நுனியில் ஆபீசில் பெட்டி ஒட்டிய பசை காய்ந்திருந்தது. குரல் வந்தது. பாவாடையின் பசை வாசனைகூட வந்தது. முகம் வரவில்லை. சீப்பைக் கீழே போட்டுவிட்டுக் கண்ணை இறுக மூடிக்கொண்டாள். முகம் இருக்க வேண்டிய இடத்தில் ஒரு வெளிச்சம் மட்டும் நின்றது. அன்று ஆபீசுக்குப் போகும் வழியெல்லாம் அழுதாள். மகள் செத்த அன்றைக்கு அழுததைவிட அது வேறு மாதிரியான அழுகை.

ஆபீசில் கணக்கப்பிள்ளை கிருஷ்ணராஜ் உட்காரும் மேசைக்கு மேலே ஆயுதபூஜைப் படம் ஒன்று தொங்கிக்கொண்டிருந்தது. அது எடுத்த வருஷம் ஆறுமுகத்தாய் காய்ச்சலில் கிடந்தாள். அதனால் அந்தப் படத்தை அவள் ஏறிட்டுப் பார்த்ததே இல்லை. அன்று பார்த்தாள். அறுபது எழுபது பெண்கள். கடைசி வரிசையின் ஓரத்தில், தாய்க்குத் தெரியாமல் ஓடிவந்து நின்றுகொண்டு, தலையை ஒரு பக்கம் சாய்த்துச் சிரிக்கிற மொச்சைப் பயறு அளவு ஒரு முகம்.

"அண்ணாச்சி, இது என் சுப்பு!" என்று அவள் போட்ட சத்தத்தில் கிருஷ்ணராஜ் பேனாவைத் தவறவிட்டார்.

படம் பிடித்தவர் ஸ்டேஷன் ரோட்டில் கடை வைத்திருந்த சங்கரபாண்டி. அவர் நல்ல மனுஷர். பழைய பெட்டியைக் கிளறி நெகட்டிவைத் தேடி எடுத்து, அந்த ஒரு முகத்தை மட்டும் தபால் கார்டு அளவுக்குப் பெரிதாக்கிக் கொடுத்தார். அதிலும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் மூக்கு எது, நிழல் எது என்று தெரியவில்லை.

"இன்னும் பெருசு வேணும் அண்ணாச்சி. சாமி படம் மாதிரி."

"இதுக்கு மேல பெருசாக்கினா மொகம் இருக்காதும்மா. புள்ளிதான் இருக்கும். மணல அள்ளி எறைச்ச மாதிரி."

"புள்ளியா?"

"ஆமா. கறுப்புப் புள்ளி, வெள்ளப் புள்ளி."

ஆறுமுகத்தாய் கார்டை விரலால் தடவினாள். "அப்ப அந்தப் புள்ளிய நான் அடுக்கிக்கிடுதேன் அண்ணாச்சி" என்றாள்.

சங்கரபாண்டி சிரித்துவிட்டார். பிறகு அவள் முகத்தைப் பார்த்துச் சிரிப்பை நிறுத்திக்கொண்டார். "ஒண்ணு சொல்லுதேன், கேட்டுக்க. இதுல இருக்கது நெறம் இல்ல, வெளிச்சம். அத மறந்துராத" என்றார். நிறமில்லாமல் வெளிச்சம் எது, வெளிச்சமில்லாமல் நிறம் எது? அவளுக்கு ஒன்றும் புரியவில்லை. தலையை மட்டும் ஆட்டிவிட்டு வந்தாள்.

கிருஷ்ணராஜ் ஒடிந்துபோன பழைய கட்டைகள் நாலும் இரண்டு சாக்குக் கழிவுக் குச்சியும் கொடுத்தார். மருந்து முக்கின குச்சியை வீட்டுக்கு விடமாட்டார்கள். அவளே குச்சிகளைக் கட்டுக்கட்டாகக் கரிக்குழம்பில் முக்கிக் கறுப்பாக்கிக்கொண்டாள். நாலு கட்டையையும் சேர்த்துக் கட்டினால் ஆள் மார்பு உயரம் வந்தது. தபால் கார்டின் மேல் தையல் நூலை நெடுக்கும் குறுக்குமாக இழுத்துக் கட்டி இருபதுக்கு இருபது கட்டம் பிரித்தாள். கார்டில் ஒரு கட்டம் என்றால் சட்டத்தில் இருபத்தைந்து குச்சி. கூந்தல் என்றால் இருபத்தைந்தும் கறுப்பு. பல் என்றால் இருபத்தைந்தும் வெள்ளை. இதுவரை சிக்கலே இல்லை.

கன்னம்தான் அவளை ஆட்டி வைத்தது. கன்னம் கறுப்புமில்லை, வெள்ளையுமில்லை. அதற்கு எத்தனை கறுப்பு, எத்தனை வெள்ளை? அவள் சமையல் தெரிந்தவள். அளந்துதான் எதையும் செய்வாள். கோலப்பொடியையும் கரிப்பொடியையும் கரண்டியால் அளந்து கலந்து, ஓர் அட்டையில் தடவி, கார்டிலிருந்த கன்னத்தின் பக்கத்தில் வைத்துப் பார்த்தாள். ஒரு கரண்டி வெள்ளைக்கு ஒரு கரண்டி கரி. அச்சு அசலாகக் கன்னத்தின் நிறம்! நெற்றிக்கு இரண்டு வெள்ளைக்கு ஒரு கரி. இப்படியே ஒவ்வோர் இடத்துக்கும் பொடியில் கண்ட கணக்கைக் குச்சியில் போட்டாள். கன்னத்துக்குப் பாதிக்குப் பாதி.

அவள் போட்ட கணக்கில் தப்பு எங்கே இருக்கிறது, சொல்லுங்கள் பார்ப்போம். ஆனாலும் கதவுக்கு அந்தப் பக்கம் போனால் ஒரு துரைசாணி நிற்கிறாள்.

"ராதாமணி, எம்மவ என்ன நெறம்ட்டி?"

"பெத்தவியளுக்குத் தெரியாதா?"

"சொல்லுட்டி."

"மாநெறந்தாங்க்கா. வெயில்ல நின்னா கொஞ்சம் கறுப்பு."

ஆபீசில் கேட்டால் ஒருத்தி "கறுப்புத்தான், ஆனா களையான கறுப்பு" என்றாள். இன்னொருத்தி "செவத்த பிள்ளைல்லா" என்றாள். கேட்கக் கேட்க அவளுக்குத் தலை சுற்றியது. இருந்த கொஞ்ச ஞாபகத்தையும் ஆளுக்கு ஒரு கை அள்ளிக்கொண்டு போவது போலிருந்தது.

இதற்கு நடுவில் அண்ணன் சோலையிடமிருந்து தகவல் வந்தது. தங்கப்பாண்டியனுக்குப் புதூர்ப் பக்கத்தில் பெண் பேசி முடித்தாகிவிட்டது. சித்திரையில் கல்யாணம். முதல் பாக்கு அத்தைக்குத்தான் வைக்க வேண்டும் என்று சொல்லி, வெள்ளிக்கிழமை சாயங்காலம் அவனே நேரில் வருகிறான்.

ஆறுமுகத்தாய்க்கு வயிற்றில் பாலை வார்த்த மாதிரியும் இருந்தது, நெருப்பைக் கொட்டின மாதிரியும் இருந்தது. மகளுக்கு என்று இருந்த மாப்பிள்ளை. அது ஒரு பக்கம். இன்னொரு பக்கம், சின்ன வயதிலிருந்து சுப்புவோடு ஓடி விளையாடியவன் அவன். மணியாச்சி ஜங்ஷனில் ரயில்வே வேலை கிடைத்த பிறகும் வாரம் தவறாமல் வந்து, சுப்பு கதவுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டு சிரிப்பதைப் பார்த்துவிட்டுப் போனவன். இந்த உலகத்தில் அந்த முகத்தை மறக்காத ஒருவன் உண்டென்றால் அவன்தான். அவன் பார்த்து "இது சுப்பு" என்றால் சுப்பு. "இல்லை" என்றால் பத்தாயிரம் குச்சியையும் அடுப்பில் போட வேண்டியதுதான்.

வியாழக்கிழமை லீவு சொல்லிவிட்டு எப்போதும்வென்றானுக்குப் பஸ் ஏறினாள். அண்ணன் பெண்டாட்டி செண்பகவல்லியிடம் கேட்டால் நிறத்துக்கு ஒரு முடிவு கிடைக்கும் என்று நினைத்தாள். அண்ணன் வீட்டில் இல்லை. செண்பகவல்லி தண்ணீர் கொடுத்தாள், உட்காரச் சொன்னாள். கேள்வியைக் கேட்டதும் முகம் மாறிவிட்டது.

"எதுக்கு மதினி இப்பப் போயி அந்தப் பேச்சு?"

"சும்மாதான் கேக்கேன்."

"சும்மா கேக்க பஸ் ஏறியா வருவாக? மதினி, ஒங்க கால்ல வேணும்னாலும் விழுதேன். அவன் ரெண்டு வருசமாக் கல்யாணமே வேண்டாம்னு கெடந்தான். சோறு திங்காமக் கெடந்தான். இப்பத்தான் மனசு எறங்கி சரின்னுருக்கான். நாளைக்கு வருவான். வந்தா அவங்கிட்ட வெத்தலையை வாங்கிட்டு வாழ்த்தி அனுப்புங்க. சுப்பு பேச்ச மட்டும் எடுத்துராதிய."

"எடுக்கல."

"சத்தியமா?"

"எம்மவ மேல சத்தியமா" என்றாள் ஆறுமுகத்தாய். சொல்லி முடித்த பிறகுதான், செத்தவள் மேல் செய்கிற சத்தியம் செல்லுமா என்று ஒரு குழப்பம் வந்தது. செல்லும் என்றே அவள் மனசு சொன்னது.

எதற்காகப் போனாளோ அது கிடைக்கவில்லை. கேட்கவே கூடாது என்று வாயையும் கட்டிக்கொண்டு திரும்பினாள். பாதி வழியில் பஸ் டயர் வெடித்தது. எல்லோரும் இறங்கி, இருந்த ஒரே வேப்பமரத்து நிழலுக்கு ஓடினார்கள். ஆறுமுகத்தாய் ரோட்டோரத்தில் நின்று, எங்கே பார்க்கிறோம் என்று தெரியாமல் பார்த்துக்கொண்டிருந்தாள்.

தூரத்தில் ஒரு பருத்திக் காடு. பருத்தி வெடித்திருந்தது. காடே சாம்பல் பூத்து, வெள்ளைத் துணியை உலர்த்தின மாதிரி வெளுத்துக் கிடந்தது. அவள் பிறந்ததிலிருந்து பார்க்கிற காடுதான். பருத்தி எடுத்தே வளர்ந்தவள்தான். ஆனால் அன்று அவளுக்கு என்னவோ உறுத்தியது. புஞ்சைக்குள் இறங்கி நடந்தாள்.

கிட்டே போகப் போக வெள்ளையைக் காணோம்! காலுக்குக் கீழே பாளம் பாளமாக வெடித்த கரிசல். அதன் மேல் காய்ந்து கறுத்த செடி. ஒரு முழத்துக்கு ஒன்றாக எங்கேயோ ஒரு பருத்தி வெடிப்பு. எண்ணிப் பார்த்தாள். இத்தனை கறுப்புக்கு இத்தனூண்டு வெள்ளை. ஐந்தில் ஒரு பங்குகூடத் தேறாது. பின்னோக்கி நடந்தாள். ரோட்டில் ஏறித் திரும்பினாள். காடு மறுபடியும் வெளுத்துக் கிடந்தது.

மறுபடியும் இறங்கினாள். மறுபடியும் கறுத்தது.

"ஏ ஆத்தா! பஸ்ஸுக்கா நிக்க, பருத்தி களவாங்கவா நிக்க?" என்று கண்டக்டர் கத்தினார். மரத்தடியில் எல்லோரும் சிரித்தார்கள். அவள் காதில் விழவில்லை. கோலப்பொடியும் கரியும் கரண்டிக்குள் ஒன்றையொன்று விழுங்கிக்கொள்கின்றன. கரி வெள்ளையைத் தின்றுவிடுகிறது. குச்சிகள் அப்படி இல்லை. அவை தனித்தனியாகத்தான் நிற்கின்றன. தூரத்துக் கண்ணில்தான் ஒன்றுசேர்கின்றன. அங்கே கொஞ்சம் வெள்ளை இருந்தாலே போதும், அது கறுப்பை அமுக்கிவிடுகிறது. பாதிக்குப் பாதி வெள்ளை போட்டால் துரைசாணி வராமல் வேறு யார் வருவாள்? நிறம் இல்லை, வெளிச்சம் என்று அந்தப் போட்டோக்கார அண்ணாச்சி இதைத்தான் சொன்னாரோ? சொல்லியிருந்தால், புரிகிற மாதிரிச் சொல்லித் தொலைக்கக் கூடாதா!

வெள்ளிக்கிழமை விடிந்ததும் ராதாமணியைக் கூப்பிட்டுக்கொண்டாள். ஒருத்தி குச்சியைக் கரியில் முக்கிக் காயவைக்க, ஒருத்தி பிடுங்கிப் பிடுங்கி மாற்றி அடுக்கினாள். கன்னத்துக்கு இருபத்தைந்தில் ஐந்து வெள்ளை. நெற்றிக்குப் பத்து. கழுத்து நிழலுக்கு ஒன்று. ராதாமணிக்கு மனசே ஆறவில்லை.

"ஏங்க்கா, இருவது கறுப்பு போட்டா மொகமெல்லாம் கரிச்சட்டி ஆயிராது?"

"ஆகாதுட்டி."

"கண்டியளாக்கும்?"

"பருத்திக் காட்டுல கண்டேன்."

ராதாமணி அவளை ஒரு மாதிரியாகப் பார்த்துவிட்டு, "மோர் ஏதும் குடிக்கியளா, வெயில் ரொம்ப" என்றாள்.

மூன்று மணிக்குக் கடைசிக் கட்டம் முடிந்தது. சுவரில் சாய்த்து நிறுத்திவிட்டு இருவரும் தெருவுக்கு ஓடினார்கள். வீட்டுக்கு எதிரே தெருக்குழாய். அதற்கும் கதவுக்கும் நடுவில் ஒரு மாட்டு வண்டி போகிற அகலம். குழாயடியில் நின்று திரும்பினார்கள்.

"யக்கா!" என்று ராதாமணி அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். ராதாமணி இந்தத் தெருவுக்கு வாக்கப்பட்டு வந்தபோது சுப்பு காமாலையில் படுக்கப் போகிற சமயம். இரண்டு மாதம் பார்த்திருப்பாள், அவ்வளவுதான். "பொம்பளப் பிள்ளக்கா! உள்ள நிக்கா! சுப்புதானக்கா?"

கதவுக்குள்ளே அரை இருட்டில் ஒரு பெண் நின்றாள். மாநிறம். தலையை ஒரு பக்கம் சாய்த்திருந்தாள். உதட்டில் சிரிப்பு மாதிரி ஒன்று. ஆறுமுகத்தாய் கண் கொட்டாமல் பார்த்தாள். அவள்தானா? அவளைப் போல ஒருத்தியா? சரியா தப்பா என்று ஒத்துப்பார்க்க மனசுக்குள் ஒரு முகம் வேண்டுமே. அதைத்தானே தொலைத்துவிட்டு நிற்கிறாள்! எதிரே நிற்பது தன் வயிற்றில் பிறந்ததா என்று தெரியாமல் ஒரு தாய் நடுத்தெருவில் நின்றாள். இப்படி ஒரு நிலைமை பகையாளிக்கும் வரக் கூடாது.

"சொல்லுங்கக்கா, சுப்புதான?"

"தெரியலட்டி" என்றாள். "எனக்குத் தெரியலட்டி."

அதற்குள் தெருமுனையில் சைக்கிள் மணி கேட்டது.

தங்கப்பாண்டியன் முழுக்கைச் சட்டை போட்டிருந்தான். நெற்றியில் விபூதி. குழாயை ஒட்டிச் சைக்கிளை நிறுத்திப் பூட்டினான். "என்னத்தே, தெருவுல நிக்கிய? என்னயத் தேடியா?" என்று சிரித்துக்கொண்டே அவளை முன்னால் விட்டு, தலையைக் குனிந்து நிலைப்படி தாண்டி உள்ளே வந்தான்.

வெளிச்சத்திலிருந்து வந்தவனுக்கு முதலில் ஒன்றும் தெரியவில்லை. பிறகு சட்டத்தைப் பார்த்தான். கைக்கெட்டும் தூரத்தில், ஆள் மார்பு உயரத்தில், பத்தாயிரம் குச்சி.

"ஆபீஸ் வேலைய வீட்டுக்கும் கொண்டாந்துட்டியளா? நாலு கட்டையா? ஒடம்பு என்னத்துக்காகும் அத்தே?"

ராதாமணி வாயைத் திறந்தாள். ஆறுமுகத்தாய் அவளை ஒரு பார்வை பார்த்தாள். திறந்த வாய் மூடிக்கொண்டது.

"சும்மா இருக்க நேரத்துல செய்யுததுதான்யா" என்றாள். "உக்காரு."

அவன் அந்தச் சட்டத்துக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்தான். வெற்றிலை, பாக்கு, மஞ்சள் தடவிய பத்திரிகை எல்லாவற்றையும் தட்டில் வைத்து நீட்டினான். அவள் வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். பெண்ணின் பெயர் வள்ளித்தாய் என்றான். எட்டாவது படித்திருக்கிறாளாம். தகப்பன் ஆடு வைத்திருக்கிறாராம். அவன் பேசப் பேச, அவன் தோளுக்கு மேலே குச்சிகள் குச்சிகளாகவே நின்றன. தொண்டை வரை ஒரு கேள்வி வந்து நின்றது. 'ஐயா, அந்தக் குழாயடியில போயி நின்னு ஒரு தடவ திரும்பிப் பாரேன். ஒரே ஒரு தடவ.' அவ்வளவுதான் சொல்ல வேண்டும். அவன் 'ஆமா' என்றால் அவளுக்கு மகள் திரும்பக் கிடைப்பாள். ஆனால் இரண்டு வருஷம் சோறு திங்காமல் கிடந்தவனை, புதுமாப்பிள்ளையை, பாக்கு வைக்க வந்த இடத்தில் செத்தவள் முன்னால் நிறுத்துவதா? எங்கோ புதூரில் வள்ளித்தாய் என்று ஒருத்தி, அவளும் யாரோ பெற்ற பெண்தானே, மஞ்சள் அரைத்துக்கொண்டிருப்பாளே! மகள் மேல் செய்த சத்தியம் வேறு நாக்கைப் பிடித்துக்கொண்டு நின்றது.

கேள்வியை விழுங்கினாள். அது இறங்க வெகு நேரம் பிடித்தது.

"அத்தே."

"என்னய்யா?"

"ஒங்களுக்கு வருத்தமில்லையே?"

"வருத்தம் எதுக்குய்யா? நீ நல்லாருக்கணும்."

அவன் தட்டையே பார்த்துக்கொண்டிருந்தான். "எனக்குத்தான் ஒரு மாதிரி இருக்கு. பொண்ணு பாக்கப் போனப்ப, அவள ஒரு நிமிசம் நெனச்சுக்கிடலாம்னு பாத்தேன். மொகம் வரல அத்தே. நெசமாச் சொல்லுதேன், வரவே இல்ல. அதுக்கு அப்புறந்தான் சரின்னு தலையாட்டுனேன்."

அவனுக்கும் போய்விட்டதா! இனிமேல் யாரிடம் கேட்பாள்? அந்த முகம் உலகத்தில் யாரிடமும் இல்லை. அவள் அடுக்கி வைத்திருப்பது சரியென்று சொல்லவும் ஆளில்லை, தப்பென்று சொல்லவும் ஆளில்லை. தங்கப்பாண்டியன் அவள் காலில் விழுந்து எழுந்தான். அவன் தலையில் கை வைத்தாள். என்ன சொல்லி வாழ்த்தினாள் என்று அவளுக்கே தெரியவில்லை.

"வாரேன் அத்தே. சித்திரையில மொத நாளே வந்துரணும்."

"வாரேன்யா."

அவன் செருப்பை மாட்டிக்கொண்டு தெருவில் இறங்கினான். ராதாமணியும் வழிவிட்டு ஒதுங்கி நின்றாள். ஆறுமுகத்தாய் வழியனுப்ப நிலைப்படிக்கு வந்து, கதவோரமாக நின்றாள். தெருவைக் கடந்து குழாயடிக்குப் போனவன் சைக்கிள் பூட்டில் சாவியைப் போட்டான். திருகினான். சைக்கிளைத் திருப்ப நிமிர்ந்தான்.

அப்படியே நின்றான்.

சாவி அவன் கையிலேயே இருந்தது. அவன் பார்த்தது அத்தையை அல்ல. அத்தைக்குப் பின்னால், வீட்டுக்குள்ளே. குழாயில் யாரோ சரியாகத் திருகாமல் விட்ட தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. அவன் வேட்டியில் தெறித்தது. அவன் நகரவில்லை.

"அத்தே" என்றான். சத்தமே வரவில்லை, உதடு மட்டும் அசைந்தது. பிறகு வந்தது. "அத்தே, கதவுக்குப் பின்னால நின்னு சிரிக்கா. தலையைச் சாய்ச்சுக்கிட்டு... அன்னைக்கு மாதிரியே சிரிக்கா."

அவள் திரும்பிப் பார்க்கவில்லை. திரும்பினால் குச்சிதான் தெரியும் என்று அவளுக்குத் தெரியும். அவன் முகத்தைப் பார்த்தாள். கண்ணிலிருந்து தண்ணீர் இறங்கி, விபூதியிட்ட முகம் முழுக்க நனைந்து, அந்த ஆண்பிள்ளை நடுத்தெருவில் நின்று ஒரு குழந்தை மாதிரி அழுதான். அந்த அழுகையில் அவளுக்கு மகள் கிடைத்துவிட்டாள். கூந்தல் இதுதான், நெற்றி இதுதான், கன்னத்துக்கு இருபத்தைந்தில் ஐந்து என்பதும் சரிதான்.

ஆனால் அவன்? தான் அவனுக்குக் கொடுத்ததா, அவனிடமிருந்து பிடுங்கியதா என்று அவளுக்குப் புரியவில்லை.

"அழாதய்யா" என்றாள். "நான் சொல்லக் கூடாதுன்னுதான் இருந்தேன்."

அவன் தோளால் முகத்தைத் துடைத்தான். சைக்கிள் கைப்பிடியை இரண்டு கையாலும் பிடித்தான். இரண்டு தரம் எடுக்கப் பார்த்தான். இரண்டு தரமும் கண் உள்ளே போய்விட்டது.

"அத்தே, கதவச் சாத்திருங்க" என்றான். "அது தொறந்து கெடந்தா என்னால போக முடியாது."

அவள் உள்ளே வந்து இரண்டு கதவையும் இழுத்துச் சாத்தினாள். கொண்டியைப் போட்டாள். கதவில் நெற்றியை வைத்து நின்றாள். வெளியே ஸ்டாண்டு தட்டும் சத்தம், பிறகு சக்கரம் உருளும் சத்தம்.